கரும்பு வெட்டினா ஐக்யூ ஏறுமா?

போன வாரம் பொண்ணோட ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சர்க்குலர் வந்துச்சு. பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் பண்ணி, பிள்ளைக்கு இடது மூளை வேலை செய்யுதா வலது மூளை வேலை செய்யுதா, டாக்டராகுமா இன்ஜினியராகுமா, ஐக்யூ எவ்வளவு, எல்லாத்தையும் கலர் கலரா ரிப்போர்ட் போட்டுத் தர்றாங்களாம். விருப்பம் இருக்கிறவங்க மட்டும் பணம் கட்டினா போதுமாம்.

(விருப்பம் இருக்கிறவங்க "மட்டும்". கட்டாதவங்க லிஸ்ட்டை தினமும் சாயங்காலம் குரூப்ல போடுவாங்க. அது தனிக் கதை.)

விரல் ரேகை குழந்தை வயித்துல இருக்கும்போதே உருவாகிடும். அதுல புத்தி தெரியும்ங்கிறதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. கைரேகை ஜோசியத்துக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான். கிளி ஜோசியக்காரர் இதைவிடக் கம்மியாத்தான் கேட்பார். கிளியும் பார்க்க அழகா இருக்கும்.

ஆனா எனக்குக் கடுப்பேத்துனது சர்க்குலர் இல்ல. அதுக்குக் கீழ நடந்த சண்டை.

ஒரு அப்பா, "ஐக்யூங்கிறதே டுபாக்கூர் சார், பணக்காரன் தன் பிள்ளையை உசத்திக் காட்டக் கண்டுபிடிச்சது"ன்னார். இன்னொரு அப்பா, "நம்பர் பொய் சொல்லாது சார், இது சயின்ஸ்"ன்னு சொல்லி, தன் பையனோட ஆன்லைன் சர்டிபிகேட்டைப் போட்டார். 148. ஓரத்துல தங்கக் கலர்ல முத்திரை வேற. "கடைசிப் பக்கத்துல கார்டு நம்பர் கேட்டுச்சா சார்?"னு டைப் பண்ணி, அழிச்சுட்டேன். (நாளைக்கு கேட் வாசல்ல அவரைப் பார்க்கணுமே.)

ரெண்டு பேருமே தப்பு. அதுவும் ரொம்ப சுவாரசியமான விதத்துல தப்பு. எனக்கு இந்த ஐக்யூ விவகாரத்துல ரொம்ப நாளா ஒரு கிறுக்கு உண்டு, கையில கிடைக்கிறதையெல்லாம் படிப்பேன். குரூப்ல கொட்ட முடியாததை இங்க கொட்டிடறேன்.

முதல் அப்பா சொன்ன பணக்காரன் கதையை எடுத்துக்குவோம். இதை ஆரம்பிச்சவர் பாரிஸ்ல இருந்த ஆல்ஃபிரட் பினே. 1904-ல பிரான்ஸ் அரசு ஒரு குழு போடுது. சாதாரண வகுப்புல தவிக்கிற பிள்ளைங்களை எப்படிக் கண்டுபிடிச்சு உதவுறது? அதுவரைக்கும் வாத்தியார் வாய்தான் சட்டம். அவர் "மண்டு"ன்னா மண்டு. பினேயும் தியோடர் சிமோனும் 1905-ல 30 கேள்வி இருக்கிற ஒரு டெஸ்ட் போட்டாங்க. முதல் கேள்விக்குப் பேச்சே வேண்டாம். எரியிற தீக்குச்சியை இப்படி அப்படி ஆட்டினா குழந்தையோட கண்ணு கூடவே போகுதா? அங்க ஆரம்பிச்சு கடைசிக் கேள்வியில, மரியாதைக்கும் பாசத்துக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டாங்க. (எங்க வீட்டு மாப்பிள்ளைங்க பாதிப் பேர் இதுல அவுட்.)

பினேவுக்கு இது பிள்ளைங்களுக்கு ரேங்க் போடற கருவி இல்ல. புத்தி பிறவியிலேயே அளந்து வெச்சது, மாறாதுன்னு சொன்னவங்களோட அவர் சண்டையே போட்டார். பின்தங்கின பிள்ளைங்களுக்குக் கவனமும் ஞாபகமும் வளர்றதுக்குன்னு பயிற்சியெல்லாம் வகுத்தார். 1911-ல போய்ச் சேர்ந்துட்டார். அடுத்த வருஷமே ஜெர்மனியில வில்லியம் ஸ்டெர்ன், "மன வயசை நிஜ வயசால வகுத்துடலாமே"ன்னார். 1916-ல ஸ்டான்ஃபோர்டுல லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல பெருக்கினார். வந்துடுச்சு ஒத்தை நம்பர்.

(இப்போ அந்த வகுத்தல் கிடையாது. உங்க வயசுக்காரங்களோட சராசரியை 100-னு வெச்சு, நீங்க எவ்வளவு மேல கீழன்னு பார்ப்பாங்க. மூணுல ரெண்டு பேர் 85-லேர்ந்து 115-க்குள்ள வந்துடுவாங்க.)

அதுக்கப்புறம் அமெரிக்காக்காரங்க பண்ணின கூத்து இருக்கே!

1917-ல முதல் உலகப்போருக்கு ஆள் எடுக்கும்போது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில 17 லட்சம் பேருக்கு மேல டெஸ்ட் வெச்சாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஆல்ஃபா. அதுல ஒரு கேள்வி: கிரிஸ்கோங்கிறது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, சாப்பாட்டுச் சாமானா? (சமையல் கொழுப்பு. அந்த ஊர் டால்டா.) எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு பீட்டா. அதுல படத்தைப் பார்த்து என்ன காணோம்னு வரையணும். பன்றிக்கு வால் காணோம், சரி. முகத்துல வாய் காணோம், சரி. டென்னிஸ் கோர்ட்டுல வலை காணோம். கிராமஃபோன்ல குழாய் காணோம். இத்தாலியில ஏதோ மலைக் கிராமத்துலேர்ந்து வந்து கப்பல் இறங்கினவன், டென்னிஸ் கோர்ட்டை எங்க போய்ப் பார்த்திருப்பான்?

கடைசியில, அமெரிக்க வெள்ளைக்காரப் பெரியவங்களோட சராசரி மன வயசு 13-னு முடிவு வந்துச்சு. பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-ல இதைப் போட்டுக் கிழிச்சார். பெரியவங்களோட சராசரி, பெரியவங்களோட சராசரியைவிடக் கம்மியா எப்படிய்யா இருக்கும்? யாரும் சரியா பதில் சொல்லல. ஆனா "தெற்கு, கிழக்கு ஐரோப்பாக்காரங்க புத்தி கம்மி"ன்னு அந்த டேட்டாவை வெச்சுப் புத்தகம் எழுதினாங்க. எழுதின கார்ல் பிரிகமே 1930-ல "நான் சொன்னது நிக்காது"ன்னு வாபஸ் வாங்கினார். அதுக்குள்ள 1924-லேயே அவங்க வரவைக் கட்டுப்படுத்துற குடியேற்றச் சட்டம் வந்தாச்சு.

இத்தோட நிறுத்தினா முதல் அப்பா ஜெயிச்சுட்டார். நிறைய பேர் இத்தோட நிறுத்திடறாங்க. படிச்சவங்களும்தான். எனக்கு அதுதான் பிடிக்கிறதில்ல, ஏன்னா ஸ்காட்லாந்து ஒண்ணு இருக்கு.

1932 ஜூன் 1. ஸ்காட்லாந்துல, 1921-ல பிறந்து அன்னிக்கு ஸ்கூலுக்கு வந்த அத்தனை பிள்ளைங்களையும் உட்கார வெச்சு ஒரே டெஸ்ட் வெச்சாங்க. சாம்பிள் இல்ல, மொத்தமா. 87,498 பிள்ளைங்க, 45 நிமிஷம். பேப்பரைத் திருத்தி, மார்க்கை லெட்ஜர்ல ஏத்தி வெச்சாங்க. போர் வந்துச்சு, போச்சு. அந்தப் பிள்ளைங்க கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்து, ரிட்டயரும் ஆகிட்டாங்க. லெட்ஜர் எடின்பரோவுல ஒரு கட்டடத்தோட அடித்தளத்துல தூசி படிஞ்சு கிடந்துச்சு.

1990-கள் கடைசியில இயன் டியரி, லாரன்ஸ் வாலின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடிச்சாங்க. உடனே என்ன தோணியிருக்கும்? அதேதான். உயிரோட இருக்கிறவங்களைத் தேடிப் பிடிச்சாங்க. 1998 ஜூன் 1 (தேதியைப் பாருங்க, சரியா 66 வருஷம் கழிச்சு), அபர்டீன் ஊர் மியூசிக் ஹால்ல 77 வயசுத் தாத்தா பாட்டிங்களை உட்கார வெச்சு, அதே பேப்பர், அதே 45 நிமிஷம்.

எனக்கு அந்த ஹாலை நினைச்சாலே சிரிப்பும் வரும், ஒரு மாதிரியாவும் இருக்கும். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, பக்கத்து சீட்டுக்காரரை முறைச்சுக்கிட்டு, பதினொரு வயசுல எழுதின பரீட்சையை மறுபடி.

ரெண்டு மார்க்குக்கும் இருந்த தொடர்பு 0.63. பூஜ்யம்னா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணுன்னா 11 வயசுல யார் முன்னாடி யார் பின்னாடியோ, 77 வயசுலயும் அதே வரிசை. 66 வருஷம், ஒரு உலகப்போர், தொழிற்சாலை, சுரங்கம், சிகரெட்டு, நோய் நொடி, எல்லாத்தையும் தாண்டி 0.63 நின்னுச்சுன்னா அதை டுபாக்கூர்னு ஒதுக்க முடியாது. வரிசை நிறைய மாறவும் செஞ்சிருக்கு, அதையும் அதே நம்பர் சொல்லுது. ஆனா ஏதோ ஒண்ணு நிஜமா மாட்டியிருக்கு.

இன்னொண்ணு இதைவிடச் சங்கடம். அபர்டீன் பிள்ளைங்கள்ல, 11 வயசுல 15 பாயின்ட் குறைவா எடுத்தவங்க 76 வயசு வரைக்கும் உயிரோட இருக்கிற வாய்ப்பு, 15 பாயின்ட் கூட எடுத்தவங்களோட ஒப்பிட்டா 79 சதவீதம்தான். காரணம் வறுமையா, செஞ்ச வேலையா, டாக்டர் சொன்னதைப் புரிஞ்சுக்கிறதா, உடம்பே பொதுவா வீக்கா? இன்னும் அடிச்சுக்கிறாங்க.

டுபாக்கூர் இல்லங்கிறதுக்கு இன்னொரு சாட்சியா ஈயத்தை எடுத்துக்குங்க. பெட்ரோல்ல, பெயின்ட்ல கலந்த ஈயம் ரத்தத்துல ஏறின பிள்ளைங்களுக்கு ஐக்யூ மார்க் குறையுதுன்னு பல ஊர்ல பார்த்திருக்காங்க. நம்ம ஊர் பெட்ரோல்லேர்ந்து 2000-ல ஈயத்தை எடுத்ததுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஆராய்ச்சிக்கும் பங்கு இருக்கு. இல்லாத ஒண்ணை ஈயம் எப்படிக் குறைக்கும்?

அப்போ ரெண்டாவது அப்பா ஜெயிச்சாரா? அதுவும் இல்ல.

ஸ்காட்லாந்து டெஸ்ட்டுக்கு மோரே ஹவுஸ் டெஸ்ட்னு பேர். அந்த டெஸ்ட் வரிசையை உருவாக்கினவர் காட்ஃப்ரே தாம்சன். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் ரொம்பப் பிடிச்ச ஆள். அம்மா தனியா வளர்த்த பிள்ளை, ஸ்காலர்ஷிப்புல படிச்சு மேல வந்தவர். நார்த்தம்பர்லாந்துல பல கிராமத்துப் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு பிள்ளைகூட மேல்படிப்பு ஸ்காலர்ஷிப்புக்குப் போகலன்னு தெரிஞ்சு, 1921-ல டெஸ்ட் போட்டு அங்க ஒளிஞ்சுக்கிட்டிருந்த கெட்டிக்காரப் பிள்ளைங்களைத் தேடினார். (முதல் அப்பாவுக்கு இதை ஃபார்வேர்டு பண்ணணும்.)

விஷயம் என்னன்னா, இவரே "புத்தின்னு ஒரு தனிப் பொருள் உள்ள இருக்கு"ங்கிறதை ஒத்துக்கல. 1904-ல சார்லஸ் ஸ்பியர்மன் ஒரு விஷயத்தைக் கவனிச்சிருந்தார். ஒரு வகைக் கேள்வியில நல்லாப் பண்றவங்க மத்த வகையிலயும் ஓரளவு நல்லாப் பண்றாங்க. எல்லாத்துக்கும் பின்னாடி ஒரே பொதுச் சக்தி இருக்குன்னு சொல்லி, அதுக்கு "ஜி"ன்னு பேரும் வெச்சார். தாம்சன் 1916-ல பகடையை உருட்டி மார்க் தயாரிச்சு, பொதுச் சக்தின்னு ஒண்ணு இல்லாமலேயே அதே மாதிரி தொடர்பு வரும்னு காட்டிட்டார். மனசுக்குள்ள ஆயிரம் சின்னச் சின்னத் திறமை. ஒவ்வொரு டெஸ்ட்டும் அதுல ஒரு கை அள்ளுது. ரெண்டு கையிலயும் பொதுவா மாட்டினது இருக்குமில்ல, அதான் மார்க்கும் சேர்ந்து ஏறுது, இறங்குது.

நான் இதை சென்செக்ஸ் மாதிரின்னு வெச்சுக்கிறேன். 30 கம்பெனி பங்கைச் சேர்த்துப் போட்ட நம்பர். யாரும் தொட முடியாது, எந்த லாக்கர்லயும் இல்ல. ஆனா அது விழுந்தா நம்ம வீட்டுல குக்கர் சத்தம் குறையுது. பொய்யும் இல்ல, பொருளும் இல்ல.

இந்த இடத்துல என் அத்தையைக் கூப்பிடணும்.

ஜேம்ஸ் ஃபிளின்னு நியூசிலாந்துல ஒரு பேராசிரியர் இருந்தார். 1987-ல 14 நாட்டு டேட்டாவைப் போட்டு, தலைமுறைக்குத் தலைமுறை ஐக்யூ மார்க் ஏறிக்கிட்டே வந்திருக்குன்னு காட்டினார். பத்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 3 பாயின்ட். இன்னிக்கு அளவை வெச்சு நம்ம கொள்ளுத்தாத்தாவை அளந்தா 70-க்குப் பக்கத்துல வருவார். அவர் என்ன புத்தி இல்லாதவரா? ஃபிளின் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, நம்ம யோசிக்கிற பழக்கம் மாறிடுச்சு. நாய்க்கும் முயலுக்கும் என்ன ஒற்றுமைன்னு கேட்டா நம்ம பிள்ளைங்க "பாலூட்டி"ன்னுடும். நூறு வருஷத்துக்கு முந்தின ஆள், "நாயை விட்டு முயலைப் பிடிக்கலாம்"னு சொல்லுவார்.

அத்தைகிட்ட கேட்டேன். "அத்தை, நாய்க்கும் முயலுக்கும் என்ன ஒத்துமை?"

"ரெண்டுத்தையும் எங்கப்பா வீட்டுக்குள்ள விட மாட்டாரு."

"அது இல்ல அத்தை, ரெண்டும் என்ன வகை?"

"என்ன வகையா? நாய் நாய் வகை. முயல் முயல் வகை. வேலை இல்லியா உனக்கு?"

டெஸ்ட்ல பூஜ்யம். இதே அத்தை தெருவுல ஏலச்சீட்டு பிடிக்கிறாங்க. 20 பேர், ஆளுக்கு மாசம் 5,000. சீட்டு 22,000 தள்ளிப் போச்சுன்னா, வாய் மூடறதுக்குள்ள "ஆளுக்கு 1,100 கழிச்சு 3,900 எடுத்து வைங்கடி"ம்பாங்க. யார் எந்த மாசம் எடுத்தா, யார் பாக்கி, யாருக்கு யார் ஜாமீன், எல்லாம் தலைக்குள்ள.

இதை வெச்சு "பார்த்தீங்களா, அத்தைதான் ஜீனியஸ், டெஸ்ட் வேஸ்ட்டு"ன்னு முடிச்சா கைதட்டு விழும். முடிக்க மாட்டேன். அத்தை இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்பத் தடுமாறுவாங்க. ஓடிபி கேட்டு வந்த போன்ல பாதி சொல்லிட்டாங்க, நல்ல வேளை நான் பிடுங்கிட்டேன். ஃபாரம், அட்டவணை, பாலிசி, ஆப்னு இந்தக் காலம் ஒரு வகைப் புத்தியைத்தான் கேட்குது. டெஸ்ட்டும் அதைத்தான் அளக்குது. அது சின்ன விஷயம் இல்ல, மொத்த விஷயமும் இல்ல.

(ஏறினது ஏறிக்கிட்டே போகல. நார்வேயில ராணுவத்துக்கு வர்ற பசங்களோட மார்க், 1975-க்கு அப்புறம் பிறந்தவங்கள்லேர்ந்து இறங்குது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளேயே இறங்குதுன்னு 2018-ல கணக்குப் போட்டுக் காட்டினாங்க. அப்போ குடும்பத்துக்குக் குடும்பம் இருக்கிற வித்தியாசமோ மரபணுவோ காரணம் இல்ல. போன்தான்னு என் மாமியார் அடிச்சுச் சொல்றாங்க. அவங்களுக்கு எல்லாத்துக்கும் போன்தான்.)

இப்போ கரும்புக்கு வருவோம்.

எங்க மாமனார் ஊர் விழுப்புரம் பக்கம். கரும்பு போட்டவங்களுக்குத் தெரியும், நெல்லு மாதிரி இல்ல. கிட்டத்தட்ட ஒரு வருஷப் பயிர். வெட்டுற தேதி உங்க கையில இல்ல, ஆலை வெட்டு உத்தரவு கொடுத்தாத்தான் வெட்டணும். ஒரே நேரத்துல எல்லாரும் வெட்டினா ஆலை தாங்காது, அதனால இவருக்கு இந்த மாசம், பக்கத்து வயலுக்கு ரெண்டு மாசம் கழிச்சு. வெட்டுறதுக்கு முந்தின மாசங்கள் இருக்கே, நகை பேங்க்ல இருக்கும், கடைக்கார அண்ணாச்சி முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ்னு நாலு பேர் இதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமத்துல 464 கரும்பு விவசாயிங்க. அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவை, பணம் வந்த பின்னாடி ஒரு தடவை. 2013-ல "சயின்ஸ்" இதழ்ல வந்துச்சு.

டெஸ்ட் என்னன்னா, ஒண்ணு ரேவன் படம். கட்டம் கட்டமா கோடு, வட்டம், புள்ளி ஏதோ ஒரு ஒழுங்குல மாறிக்கிட்டே போகும், கடைசிக் கட்டம் காலி, கீழ இருக்கிறதுல எது பொருந்தும்னு சொல்லணும். படிப்பு வேண்டாம், பாஷை வேண்டாம். "கலப்படம் இல்லாத புத்தி"யை அளக்குதுன்னு ரொம்பப் பேர் கொண்டாடுற டெஸ்ட். இன்னொண்ணுல "5 5 5"னு எழுதியிருக்கும், எத்தனை இலக்கம்னு சொல்லணும். பதில் மூணு. வாய் "அஞ்சு"ன்னுதான் ஓடும். அதை அடக்கணும். (இப்பவே வீட்டுல யாருக்காவது வெச்சுப் பாருங்க, சண்டை வரும்.)

அறுவடைக்கு முன்னாடி 78 சதவீதம் பேருக்கு ஏதாவது அடகுல இருந்துச்சு. பின்னாடி 4 சதவீதம். ரேவன் படத்துல முன்னாடி சராசரி 4.35 சரி, பின்னாடி 5.45. இலக்கம் எண்ணுறதுலயும் முன்னாடி நிதானம் கம்மி, தப்பு ஜாஸ்தி.

அதே ஆள், அதே மூளை. நடுவுல நடந்தது கரும்பு வெட்டினதும் காசு வந்ததும்தான். ரெண்டாவது தடவை பழக்கத்துல நல்லா வந்திருக்குமோன்னு சந்தேகம் வரும். அதுக்குன்னே சில விவசாயிங்களை முதல் ரவுண்டுல சேர்க்காம, அறுவடைக்கு அப்புறம் முதல் தடவையா டெஸ்ட் வெச்சும் பார்த்தாங்க. சீசன்தான் காரணமோ? ஆலை ஆளாளுக்கு வேற வேற மாசம் வெட்டு உத்தரவு கொடுத்ததால அதையும் பிரிச்சுப் பார்க்க முடிஞ்சுது. (ஆலையால விவசாயிக்கு நடந்த நல்லதை எண்ணினா இது முதல்ல வரும். நிலுவைத் தொகையைப் பத்திப் பேசி என் பிபியை ஏத்திக்க மாட்டேன்.)

மாமனார்கிட்ட இதைச் சொன்னேன். "இதுக்கு அமெரிக்காவுலேர்ந்து வரணுமா? வெட்டுக்கு முந்தின மாசம் நான் வண்டிச் சாவியைக் கையில வெச்சுக்கிட்டே தேடுவேன்"னார்.

அவசரப்பட்டு இதையே முடிஞ்ச தீர்ப்பா எடுத்துக்கவும் முடியாது. 2016-ல கர்வால்யோ, மையர், வாங்னு மூணு பேர் அமெரிக்காவுல ஏழைங்களைச் சம்பள நாளுக்கு முன்னாடியும் பின்னாடியும் இதே மாதிரி அளந்தாங்க. வித்தியாசம் ஒண்ணும் தெரியல. மாசச் சம்பள இழுபறியும் வருஷம் முழுக்கக் காத்திருக்கிற கரும்புப் பணமும் ஒண்ணான்னு நான் கேட்பேன். அது என் கட்சி.

இப்போ இதையும் ஸ்காட்லாந்தையும் பக்கத்துல வைங்க. ஒண்ணு 66 வருஷம் ஆகியும் ஓரளவு நின்ன நம்பர். இன்னொண்ணு ஒரே அறுவடையில நகர்ற நம்பர். ரெண்டும் புத்தியை அளக்கிற டெஸ்ட்தான். வாழ்க்கை முழுக்க எல்லாரோட வரிசையும் ஓரளவு அப்படியே நிக்கும். ஆனா ஒரு தனி ஆள், ஒரு தனி நாள்ல எடுக்கிற மார்க் தூக்கம், கடன், காய்ச்சல், பயம்னு எல்லாத்துக்கும் ஆடும். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது உண்மை பேசுற நம்பர், உங்க பிள்ளையைத் தனியா உட்கார வெச்சுப் பேசும்போது கொஞ்சம் உளறும்.

இந்த உளறலை நீதிமன்றமே கணக்குல எடுத்துக்க வேண்டி வந்துச்சு. ஃபுளோரிடாவுல ஃபிரெடி லீ ஹால்னு ஒரு மரண தண்டனைக் கைதி. அறிவுக் குறைபாடு உள்ளவங்களுக்கு மரண தண்டனை கொடுக்கக்கூடாதுன்னு 2002-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஃபுளோரிடா 70-தான் கட்-ஆஃப்னு பிடிவாதம் பிடிச்சுது. இவர் மார்க் 71. ஒரே பாயின்ட். கட்-ஆஃப்ல கால் மார்க்குல சீட்டு போன கதை நமக்குப் புதுசில்ல, இங்க உயிர். அளவுலேயே சில பாயின்ட் மேல கீழ இருக்கும்போது 70-ல கோடு போட்டு நிக்கக்கூடாதுன்னு 2014-ல தீர்ப்பு வந்துச்சு.

நம்ம ஊர்ல இந்த நம்பர் வேற விதமா வேலை செய்யுது. உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் ஐக்யூ பார்க்கிறாங்க. இன்னும் பல இடத்துல பினே-காமத் டெஸ்ட் ஓடிக்கிட்டிருக்கு. வி. வி. காமத் 1930-கள்ல தார்வாட் பக்கம் கன்னட, மராத்தி பேசுற பிள்ளைங்களை வெச்சு உருவாக்கினது. அருமையான வேலைதான், ஆனா எந்தக் காலம்! ஃபிளின் சொன்னதை இங்க சேர்த்துப் பாருங்க. பழைய அளவுகோல்ல இன்னிக்குப் பிள்ளைக்கு மார்க் கூடுதலா விழும். உதவி தேவைப்படுற பிள்ளை கோட்டைத் தாண்டிடுச்சுன்னு சொல்லி வெளியே நிறுத்திடலாம்.

அதுக்காக டெஸ்ட்டே வேண்டாம்னா? என் தோழியோட பையனை ஸ்கூல்ல "சோம்பேறி, மக்கு"ன்னு எழுதியே வெச்சுட்டாங்க. சைக்காலஜிஸ்ட் உட்கார்ந்து முறையா டெஸ்ட் எடுத்தாங்க. வார்த்தைக்கு அர்த்தம் சொல்றது, ஒப்பிட்டுச் சொல்றதுல எல்லாம் வயசுக்கு மேல. சின்னச் சின்னக் குறியைப் பார்த்து வேகமா எழுதுறதுல மட்டும் படு கீழ. மொத்த நம்பர் சராசரி, அதைப் பார்த்தா ஒண்ணுமே புரியாது. உள்ளே இருந்த மேடு பள்ளம்தான் சேதி சொல்லுச்சு. பரீட்சையில கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்தாங்க. பினே ஆசைப்பட்டது இதைத்தான்.

அதனால டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ ஒரு காரணத்தோட எடுக்கச் சொன்னா, பயப்படாம எடுங்க. பிள்ளை நல்லாத் தூங்கி எழுந்த நாளாப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க. எந்த டெஸ்ட், எந்த வருஷத்து அளவு, பிள்ளைக்கு நல்லாத் தெரிஞ்ச பாஷையில எடுத்தாங்களான்னு கேளுங்க. ரிப்போர்ட்ல 92-ன்னு ஒத்தை நம்பர் மட்டும் இருந்தா, எதுலேர்ந்து எதுவரைக்கும் இருக்கலாம்னு ரேஞ்ச் எழுதித் தரச் சொல்லுங்க. ஒவ்வொரு பகுதிக்கும் தனி மார்க் கேளுங்க. தர மாட்டேன்னா வேற இடம் பாருங்க.